“நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்”

டீ வரட்டும். அதற்குள் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்குக் குரோம்பேட்டையிலோ கிழக்குத் தாம்பரத்திலோ ஒரு லாட்ஜ் கவுன்டர் முன்னால் பெட்டியும் குழந்தையுமாக நிற்கிறீர்கள். பத்து நாளைக்கு முன்பே ஆப்பில் பதிவு செய்து, ‘கன்ஃபர்ம்’ என்று மெசேஜும் வந்திருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் மரியாதையாகத்தான் சொல்வார்: “ரூம் ஃபுல் சார். நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, பணம் உடனே திரும்பி வந்துடும்.” பண்ணாதீர்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் அந்த பட்டனைத் தொடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

நம் பக்கம் அறை எடுப்பவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர் சுற்ற வருகிறவர்கள் இங்கே குறைவு. அப்பாவைக் காலையில் குரோம்பேட்டை ரேலா மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியவர், சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வந்தவர், காட்டாங்கொளத்தூரில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்த பெற்றோர், விடிகாலையில் மீனம்பாக்கத்தில் துபாய் விமானம் ஏறப்போகும் மகனை வழியனுப்பக் கூட வந்த குடும்பம், பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோர மண்டபங்களுக்கு முகூர்த்தத்துக்கு வந்த சொந்தபந்தம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்திலிருந்து வருகிற பலருக்குச் சென்னை என்பதே அங்கேதான் தொடங்குகிறது. இவர்களுக்கு அறை கிடைக்கவில்லை என்றால் மறுநாள் காரியமே குலைந்துபோகும். அதனால்தான் ‘பணம் திரும்பி வந்துவிடும்’ என்ற சமாதானத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பணம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததுதானே. அந்த ராத்திரிக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதைக் கொடுத்தார்கள்.

சரி, இருக்கிற அறையைவிட அதிகமாக ஏன் பதிவு வாங்குகிறார்கள்? ஐந்நூறு பத்திரிகை கொடுத்துவிட்டு நானூறு இலைக்குச் சமைக்கிற கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு அது. ஹோட்டலிலும் அப்படித்தான். இலவசமாக ரத்து செய்யலாம், பணத்தை வந்து கட்டலாம் என்றிருக்கும் பதிவுகளில் சிலர் வராமலே போவார்கள் என்பது மேனேஜருக்குத் தெரியும். காலி அறை அடுத்த நாள் விலைக்கு ஆகாது. எனவே இரண்டு அறை கூடுதலாகக் கொடுத்து வைக்கிறார். பெரிய ஹோட்டல்களில் இதைக் கணக்குப்போட ஆளும் மென்பொருளும் உண்டு. கணக்குத் தப்பினால் பக்கத்து ஹோட்டலில் தங்கள் செலவில் அறை எடுத்துக் கொடுத்து, காரில் அனுப்பி வைப்பது அங்கே தொழில் வழக்கம்.

நம் பக்கத்துச் சின்ன லாட்ஜ்களில் கதை வேறு. இருபது அறை. அதே இருபதும் நாலைந்து ஆப்களில் விற்பனைக்கு நிற்கும். எல்லா ஆப்களையும் ஒன்றாக இணைத்து, ஓர் அறை ஓரிடத்தில் போனால் மற்ற இடங்களில் தானாகக் குறைக்கிற மென்பொருள் உண்டு. எல்லோரும் அதை வைத்திருப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு ஆப்பிலும் கையால் மூடுகிற இடங்கள் இருக்கின்றன. மூட மறந்த பத்து நிமிடத்தில் இரண்டு பதிவு விழுந்துவிடும். இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஒரு நாள் தள்ளிப்போன நோயாளியின் மனைவி, “இன்னும் ஒரு ராத்திரி இருந்துக்கிறேன் தம்பி” என்று கேட்டால் எந்த மேனேஜரும் அவரை வெளியே போகச் சொல்லமாட்டார். அந்த அறையைத்தான் நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள்.

மன்னிக்க முடியாத காரணமும் ஒன்று உண்டு. ஆப் வழியாக 1,400 ரூபாய்க்கு உங்களுக்குக் கொடுத்த அறையில், கமிஷன் போக அவர் கைக்குக் குறைவாகத்தான் வரும். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கல்யாண கோஷ்டி வந்து ரொக்கமாக 2,500 தருகிறேன் என்றால் சிலருக்கு மனசு மாறிவிடுகிறது. அப்போது உங்களுக்கு ஒரு போன் வரும்: ஏசி ரிப்பேர், தண்ணீர் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை. அவர்களே ரத்து செய்தால் ஆப்பில் அவர்கள் மதிப்பெண் குறையும், அபராதமும் விழலாம். அதனால்தான் ரத்து செய்கிற வேலையை உங்கள் விரலுக்குக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் அந்த பட்டனை அழுத்தியதும் நடப்பதைக் கவனியுங்கள். ஆப்பின் பதிவேட்டில் ‘விருந்தினர் ரத்து செய்தார்’ என்று ஏறிவிடும். கடைசி நேர ரத்துக்குப் பணம் இல்லை என்ற விதி இருந்தால் பணமும் போச்சு. மாற்று அறை தேடித் தரும் கடமையிலிருந்து ஆப் நழுவிக்கொள்ளும். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? உறுதியான பதிவை நுகர்வோர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் நிறுவனம், தானாக ஒருதலையாக ரத்து செய்யும்போதும் அதே மாதிரிக் கட்டணத்தை ஏற்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோரிடமும் பிடிக்கக்கூடாது. யார் ரத்து செய்தது என்பதில்தான் எல்லாமே தொங்குகிறது.

விமானத்தில் இதே தொல்லைக்கு அளவு போட்ட மருந்து இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் என்ற நுகர்வோர் உரிமைப் போராளியை, டிக்கெட் இருந்தும் இடமில்லை என்று ஒரு விமான நிறுவனம் ஏற்ற மறுத்துவிட்டது. அவர் விடவில்லை, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1976-இல் தீர்ப்பானது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, சரியான நேரத்துக்கு வந்த பயணியை அதிகப் பதிவு காரணமாக ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராத பட்சத்தில் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் என்றால் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கும் எரிபொருள் கட்டணமும், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதம் என்றால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000. 2022 ஜூனில் இந்த விஷயத்தில் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் அபராதமும் போட்டார்கள். ஹோட்டலுக்கு இப்படி ஒரு அட்டவணை நம் நாட்டில் இல்லை. இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். மீனம்பாக்கத்துக்கு உள்ளே ஏமாந்தால் கேட்க விதி இருக்கிறது, வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ஏமாந்தால் இல்லை என்பது என்ன நியாயம்?

அதற்காக உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்று எதைச் சொல்கிறதோ அதில் உணவும் தங்குமிடமும் பெயர் சொல்லியே இருக்கின்றன. பணம் கட்டியவர் மட்டும் நுகர்வோர் அல்ல, தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர்தான். ஆகவே ‘ஹோட்டலில் வந்து கட்டலாம்’ என்று பதிவு செய்தவர், நான் இன்னும் காசே தரவில்லையே என்று பின்வாங்க வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் உங்கள் பக்கம் நிற்கிறது: ஒப்பந்தத்தை மீறியவர், அதனால் இயல்பாக விளையும் நட்டத்தைத் தர வேண்டும். 1,400 ரூபாய் அறை போய், அதே தரத்தில் வேறு அறைக்கு 2,200 கொடுத்தீர்கள் என்றால், நடுவில் இருக்கும் 800 அவர்கள் கணக்கு. ஆட்டோவுக்குக் கொடுத்ததும் அப்படியே. ஆனால் கோபத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குப் போய் பில்லை நீட்டினால் எடுபடாது. நட்டத்தைக் குறைக்க நீங்களும் முயன்றீர்களா என்று அதே சட்டப்பிரிவு பார்க்கும்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனி கவுன்டர் முன்னால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில், குரலை உயர்த்த வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் பெரும்பாலும் சம்பளத்துக்கு ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன். ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்திருப்பான். அறையை இரண்டு பேருக்கு விற்றது அவன் அல்ல, தீர்த்துவைக்கும் அதிகாரமும் அவனுக்குக் கிடையாது. “மேனேஜர் நம்பர் கொடுங்க தம்பி” என்று கேட்டு, அவரிடமே பேசுங்கள். கேட்க வேண்டியது பணத்தை அல்ல, இதே மாதிரி ஓர் அறையை: “பக்கத்துல இதே தரத்துல ஒரு ரூம் போட்டுக் கொடுங்க. வாடகை கூட ஆனா நீங்க பாத்துக்கங்க. ஆட்டோவும் உங்க பொறுப்பு.” ஒரே சாலையில் தொழில் செய்கிற லாட்ஜ்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். நீங்கள் பத்து இடம் ஏறி இறங்குவதைவிட அவருடைய ஒரு போன் வேகமாக வேலை செய்யும். அந்த ராத்திரியில் சட்டத்தைவிட இதுதான் பலன் தரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அவர் மசியவில்லை என்றால், அங்கிருந்தே, அவர் காதில் விழும்படி ஆப்பின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ‘ஹோட்டல் அறை தர மறுக்கிறது, நான் கவுன்டரில் நிற்கிறேன், நான் ரத்து செய்யவில்லை’ என்று சொல்லி, புகார் எண் வாங்குங்கள். அதையே ஆப்பின் சாட்டில் எழுத்தாகவும் போடுங்கள். ஹோட்டல் பெயர்ப் பலகை தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கிய டாக்ஸி பில், பேருந்து டிக்கெட், ஹோட்டலுக்குப் பேசிய அழைப்பின் நேரம் எல்லாம் இருக்கட்டும். இவ்வளவும் எதற்கு என்றால், ரத்து செய்ய நீங்கள் மறுத்தால் அடுத்து ஒரு தந்திரம் இருக்கிறது. ‘ஆள் வரவே இல்லை’ என்று குறித்துவிடுவார்கள். தொழிலில் ‘நோ ஷோ’ என்பார்கள். வராதவருக்குப் பணம் திரும்பாது என்று பல பதிவுகளில் நிபந்தனை உண்டு. நீங்கள் வந்து நின்றீர்கள் என்பதற்கு அந்தப் படமும் அந்த அழைப்பும்தான் சாட்சி.

நோ ஷோ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் யாரும் ஏமாற்றாமலே. திருநெல்வேலியிலிருந்து வரும் பேருந்து கிளாம்பாக்கத்தில் 15-ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்கு இறக்கிவிடும் என்று வையுங்கள். காலண்டரில் 15 என்பதால் நீங்கள் 15-ஆம் தேதிக்குப் பதிவு செய்கிறீர்கள். ஹோட்டல் கணக்கில் 15-ஆம் தேதி என்பது அன்று பகல் 12 மணிக்குத்தான் பிறக்கும். நாலு மணிக்குப் போய் நின்றால் முந்தின இரவின் விருந்தினர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். சரி என்று 14-ஆம் தேதிக்குப் பதிவு செய்தாலும் ஆபத்து உண்டு: சாயங்காலம் வரவில்லை, ராத்திரி பத்துக்கும் வரவில்லை, போனும் இல்லை என்றால் ‘இவர் வரமாட்டார்’ என்று வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எனவே 14-ஆம் தேதிக்கே பதிவு செய்யுங்கள். அன்று மதியமே ஹோட்டலுக்குப் பேசி, ‘விடிகாலை நாலு மணிக்கு வருவேன், அறையை வைத்திருங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவர் ‘ஓகே’ போடும் வரை விடாதீர்கள். இருபத்து நான்கு மணி நேர செக்-இன் உள்ள லாட்ஜ் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளலாம். பணமாகவோ ஆப்பிலோ கட்டிய பதிவானாலும், முந்தின நாள் நேரடியாக ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. ஏசி ரிப்பேர் என்ற கதை இருந்தால் அப்போதே வெளிவந்துவிடும். பகல் வெளிச்சத்தில் வேறு அறை பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இதெல்லாம் ஆணையம் வரை போனால் நிற்குமா என்று கேட்கிறீர்கள். நிற்கும். கேரளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எர்ணாகுளத்திலிருந்து பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பம், பெரியவர்களும் குழந்தைகளுமாக, கொல்லத்தில் ஒரு ஹோட்டலில் ஓயோ ஆப் வழியாக மூன்று அறை பதிவு செய்தது. கட்டிய பணம் 2,933 ரூபாய். அங்கே போய் நின்றால், அறைக்கு இன்னும் 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால்தான் சாவி என்றது ஹோட்டல். ராத்திரி பத்து மணிக்கு அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு வேறு இடம் தேடி அலைந்தார்கள். எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஆப் நிறுவனத்தையும் ஹோட்டலையும் சேர்த்தே பொறுப்பாக்கி, ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல. வழக்குப் போட்ட ஊர். ஹோட்டல் கொல்லத்தில், ஆப் நிறுவனம் வடக்கே, வழக்கு நடந்தது குடும்பம் வாழ்கிற மாவட்டத்தில். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்குமிடமோ சம்பவம் நடந்த இடமோதான் கணக்கு. 2019 சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ போடலாம் என்று மாற்றிவிட்டது. பல்லாவரம், தாம்பரம், வண்டலூரில் இருப்பவர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு நாம் காஞ்சிபுரம் இல்லை, நினைவிருக்கட்டும். ஊட்டியில் அறை மறுக்கப்பட்ட செலையூர்க்காரர் ஊட்டிக்குப் போய் வழக்காட வேண்டாம். தாம்பரத்தில் நடுத்தெருவில் நின்ற சங்கரன்கோவில் குடும்பம் தங்கள் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நாளாகும். அந்தப் பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஆப்பையும் ஹோட்டலையும் இரண்டையுமே எதிர்த்தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். ‘நாங்கள் நடுவில் இருப்பவர்கள் மட்டுமே’ என்று ஆப் சொல்லும், ‘ஆப்காரர்கள் எங்களுக்குப் பணமே தரவில்லை’ என்று ஹோட்டல் சொல்லும். அவர்களுக்குள் இருக்கும் கணக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

அவ்வளவு தூரம் போகும் முன் இரண்டு படி இருக்கிறது. ஆப்பில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பெயர் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. சாட்டில் பேசும் இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்காமல் அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: பதிவு எண், நேரம், நடந்தது, கேட்கும் தொகை. தொகையில் வாடகை மட்டும் போதாது, ஜி.எஸ்.டி.யும் ஆப் பிடித்த ‘கன்வீனியன்ஸ் ஃபீ’யும் மாற்று அறைக்குக் கூடுதலாகக் கொடுத்ததும் சேர வேண்டும். ஆப்பின் வாலட்டில் போடுகிறோம், அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்றால் வேண்டாம், கட்டிய கணக்குக்கே வரட்டும் என்று எழுதுங்கள். அது நடக்காவிட்டால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, உங்கள் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தரும் அமைப்பு. ஆனாலும் அரசு வழியாக வரும் புகாருக்குப் பதில் வேறு வேகத்தில் வருகிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ‘சேவை தரப்படவில்லை’ என்று வங்கியிடமும் தாவா எழுப்பலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

திரும்ப வர வேண்டிய பணம் தானாக வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட் பணத்தை யாத்ரா என்ற பயணப் பதிவு நிறுவனம் திருப்பித் தராமல் வைத்திருந்தது. 2021-இல் நிலுவை 36,276 பதிவுகள், 26 கோடி ரூபாய்க்கு மேல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விடாமல் விசாரித்ததால் 2024 ஜூனில் அது 4,837 பதிவுகளாக, சுமார் இரண்டரைக் கோடியாகக் குறைந்தது. அந்த மிச்சப் பேரைக் கூப்பிட்டுப் பணம் தர, உதவி மையத்தில் ஐந்து இருக்கைகள் போட்டு ஆள் வைக்கச் சொன்னது ஆணையம். கேட்டவர்களால்தான் அது நகர்ந்தது.

கடைசியாக, கல்யாணத்துக்கு மொத்தமாக அறை பேசுகிறவர்களுக்கு. ஆப்பில் பதிந்தவருக்காவது ஒரு மெசேஜ் இருக்கும். இங்கே தெரிந்தவர் மூலம் பேசி, ஐயாயிரம் அட்வான்ஸ் கையில் கொடுத்து, “பாத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வருகிறோம். தை மாதம் ஒரே முகூர்த்தத்தில் நாலு மண்டபக் கல்யாணம் விழும்போது, அந்த ‘பாத்துக்கங்கண்ணே’ யாரையும் பாதுகாக்காது. மதுரையிலிருந்து வந்து இறங்கும் சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிய வேண்டிவரும். அட்வான்ஸை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். ரசீதில் இவ்வளவையும் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை அறை, ஏசியா இல்லையா, அறைக்கு எத்தனை பேர், எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, மீதிப் பணம் எப்போது. அதற்குக் கீழே ஒரு வரி: ‘மேற்படி அறைகள் தர இயலாவிட்டால் இதே தரத்தில் மாற்று அறைகள் எங்கள் செலவில் ஏற்பாடு செய்து தருவோம்.’ கையெழுத்துப் போட லாட்ஜ்காரர் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே இது தெரிந்துவிட்டால், பெருங்களத்தூரிலோ கூடுவாஞ்சேரியிலோ வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.